சேறு இல்லாத மூட்டை

1. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கொலைக் குற்றச்சாட்டு

"அக்கா, எங்க டீமை ஏங்கா இப்படிக் கொன்னுட்டீங்க?"

கடையைத் திறந்து முதல் மெஷினில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் தேவன். சி புளோக் எஃப்சி என்ற உதைபந்து அணியின் பயிற்சியாளர். பகலில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஆறடி ஆள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு என் மேசைக்கு முன்னால் அழாத குறையாக நின்றார். அவருக்குப் பின்னால் ஹனிபா பாய். ஜெலுத்தோங் பாசார் பக்கத்தில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருப்பவர். அவர் கையில் மடித்த கடிதம் ஒன்று இருந்தது.

"நான் யாரையும் கொல்லலப்பா. பசியாறிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றேன்.

"பசியாற எங்க அக்கா மனசு வருது? பாய் கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரு. நீங்க நேத்து என்னமோ சொன்னீங்களாமே."

சொன்னேன்தான். வியாழக்கிழமை மத்தியானம் பாய் தன் கடை ஏப்ரன்களை எடுத்துப்போக வந்தபோது, "இந்த வருசம் யாரும்மா இறங்குறது?" என்று கேட்டார். "பாய், சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க, அதுல ஒண்ணு உங்க டீம்" என்று சொல்லிவிட்டேன். பாய் அதை அப்படியே நம்பிவிட்டார். தப்பு அவருடையது அல்ல. என் வாய்க்கு அப்போது அப்படி ஒரு பேர்.

விஷயம் புரிய வேண்டுமானால் லீக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தீவில் வாரக்கடைசிகளில் ஒரு லீக் நடக்கிறது. மேல் டிவிஷனில் பன்னிரண்டு டீம். கடைசி இரண்டு இடத்தில் முடிப்பவர்கள் அடுத்த ஆண்டு கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். மேல் டிவிஷனில் ஆட, சீசன் தொடங்கும் முன்னால் ஸ்பான்சரின் கடிதம் ஒன்றைப் பதிவு ஃபாரத்தோடு கொடுக்க வேண்டும். கடிதம் இல்லை என்றால் பேச்சே கிடையாது, நேராகக் கீழ் டிவிஷன். சி புளோக்கின் ஸ்பான்சர் ஹனிபா பாய். ஜெர்சி, வெளியூர் ஆட்டத்துக்கு வேன், ஆட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் சாப்பாடு, எல்லாம் அவர்தான்.

"தங்கச்சி, நீயே சொல்லு" என்றார் பாய். "நெஞ்சுல என் கடைப் பேரு. கீழ் டிவிஷன்ல அதை யாரு லா பாக்கப் போறா? ரெண்டு ஆடு, ஒரு நாய். இன்னொரு டீம்காரனும் என்னைக் கேட்டுக்கிட்டிருக்கான்."

பதிவு திங்கட்கிழமை ஐந்து மணிக்கு மூடுகிறது. அதாவது, சி புளோக் இறங்கிவிடும் என்று நான் சொன்ன ஒரு சொல்லாலேயே, பந்தை ஒரு தடவைகூட உதைக்காமல் அவர்கள் இறங்கிவிடுவார்கள்.

2. மூட்டை படிக்கும் வித்தை

என் பெயர் கோமளா. ஜெலுத்தோங்கில் டோபி கடை. இப்போது மகள் பார்த்துக்கொள்கிறாள். நான் காலையில் வந்து குறை சொல்லிவிட்டுப் போகிறேன். எனக்கு இன்றைக்கும் ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாது. என் வீட்டுக்காரர் முனியாண்டி மூன்று தடவை உப்பு பாட்டிலையும் மிளகு பாட்டிலையும் மேசையில் வைத்து விளக்கியிருக்கிறார். நான் மூன்று தடவையும் பாட்டிலை எடுத்து முட்டையில் தூவிவிட்டேன்.

ஆனால் லீக்கில் இருந்த பன்னிரண்டு டீமில் ஒன்பது டீமின் ஜெர்சி என் கடைக்குத்தான் வரும். முனியாண்டி வேனில் போய் மூட்டையைத் தூக்கி வருவார். நான் பிரித்துக் கொட்டி, எண்ணி, கறை பார்த்துத் தனித்தனியாகப் போடுவேன். அப்படி வருஷக்கணக்கில் கொட்டிப் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஒரு டீம் எப்படி இருக்கிறது என்பதை அதன் கோச் மறைக்கலாம், மூட்டை மறைக்காது.

கோல்கீப்பர் சட்டை மட்டும் முழங்கையிலிருந்து இடுப்புவரை சேறாக இருந்து மற்ற பத்தும் வெள்ளை வெளேரென்று வந்தால், அந்த டீமில் ஒரே ஒருவன்தான் வேலை செய்கிறான் என்று அர்த்தம். எல்லாச் சட்டையிலும் ஒரே நிறத்தில் குழம்புக் கறை இருந்தால் அவர்கள் ஆட்டம் முடிந்து ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். அந்த டீம் லேசில் இறங்காது. மூட்டை அன்று சாயங்காலமே வந்தால் நல்லது. நாலு நாள் காடியின் பின் டிக்கியில் கிடந்து பூசணம் பிடித்து வந்தால் மேனேஜருக்கு மனசு விட்டுப் போச்சு. கேப்டன் சட்டை மட்டும் தனிப் பையில் வந்தால் அங்கே சண்டை.

ஒரு வருஷம் பாலிக் புலாவ் டீம் இறங்கும் என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அதற்கு முந்தின வருஷம் அவர்கள் நாலாவது இடம். ஆனால் அந்த மூட்டையில் எட்டே சட்டைதான் வந்துகொண்டிருந்தது, எட்டும் டுரியான் வாடை. அந்த வருஷம் மரம் கொள்ளாத காய்ப்பு. பையன்கள் பாதிப் பேர் பழம் பொறுக்கப் போய்விட்டார்கள். இறங்கினார்கள். அதற்கப்புறம் என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் சிநேக ஆட்டங்கள் நடக்கும்போது, இஸ்திரி மேசைக்கு மேலே உள்ள அலமாரிக் கதவின் உள்பக்கம் இரண்டு பெயர் எழுதி ஒட்டுவேன். இரண்டில் ஒன்றாவது இறங்காமல் போனதில்லை. மேனேஜர்கள் கூவே பலகாரம் வாங்கிக்கொண்டு வந்து, "அக்கா, எங்க பேரு கதவுல இருக்கா?" என்று கேட்பார்கள். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் போயிருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

3. சட்டை பொய் சொல்லாது என்றேன்

சி புளோக் பெயரை நான் எழுதியதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷமெல்லாம் அவர்கள் மூட்டை வந்தால் தரையில் மண் கொட்டும். வடிகட்டி அடைத்துக்கொள்ளும், நான் திட்டிக்கொண்டே துவைப்பேன். அந்த வருஷம் சிநேக ஆட்டங்கள் தொடங்கியதிலிருந்து நாலு மூட்டை வந்தது. நாலிலும் சேறு இல்லை, புல் கறை இல்லை, வேர்வைக் கோடுகூட இல்லை. ஓடவே இல்லை, பாடாங் திடலில் நின்று பேசிவிட்டு வருகிறார்கள் என்று முடிவு கட்டினேன். அந்த மாதிரி மூட்டையை நான் பிரித்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, லேசான அழுக்குக் கூடையில் அப்படியே தள்ளிவிடுவேன்.

"நான் சொன்னது சொன்னதுதான் தேவா" என்றேன். "ஆளு பொய் சொல்லலாம், சட்டை சொல்லாது. புதன்கிழமை ஆடின மூட்டை இன்னும் துவைக்கல. இந்தா பாரு." கூடையிலிருந்து எடுத்து மேசைமேல் போட்டேன்.

தேவன் ஆறாம் நம்பர் சட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அக்கா, புதன்கிழமை அடை மழை. குமாரு ரெண்டாவது பாதியில சேத்துல உருண்டு எந்திரிச்சான். கண்ணும் பல்லும்தான் தெரிஞ்சுச்சு. இந்தச் சட்டைதான்."

"அப்ப சேறு எங்க போச்சு? மழையே கழுவிருச்சா?" என்று கிண்டலாகக் கேட்டுக்கொண்டே சட்டையைக் கையில் வாங்கினேன்.

வாங்கியதும் கையால் கசக்கிப் பார்த்தேன். துணி விறைப்பாக இருந்தது. சரியாக அலசாமல் காயவைத்த சவுக்காரத்தின் விறைப்பு. காலரை மோந்து பார்த்தேன். வேர்வை வாடை இல்லை, கட்டிச் சவுக்கார வாடை. இடுப்புப் பக்கம் தையலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மெல்லிசாக ஒரு செம்மண் கோடு. பிரஷ் எட்டாத இடம்.

நாலு மூட்டை வந்திருக்கிறது. நாலையும் கண்ணால் பார்த்தேனே தவிர ஒன்றைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. தொழிலில் முதல் நாள் வருகிறவள்கூடச் செய்யாத தப்பு அது. கையை நம்பிப் பிழைக்கிற தொழிலில் இருந்துகொண்டு, பேர் வந்ததும் கண் போதும் என்று இருந்துவிட்டேன்.

"தேவா, இப்ப மூட்டையை யாரு கட்டி அனுப்புறது?"

"முன்ன மோகன் பாத்தான், அவன் ஜொகூருக்கு வேலைக்குப் போயிட்டான். இப்ப குமாரோட அக்கா, புஷ்பா. ஏங்கா?"

"என்னங்க!" என்று முனியாண்டியைக் கூப்பிட்டேன். "மோட்டாரை எடுங்க."

4. சி புளோக், ஒன்பதாவது மாடி

லிஃப்ட் எட்டோடு நின்றுவிட்டது. ஒரு மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே குளியலறை வாசலில் மூன்று வாளி. முந்தின நாள் பயிற்சிச் சட்டைகள் ஒன்றில் ஊற, ஒரு பெண் முட்டிபோட்டு உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்காத கண்.

என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். "ஐயோ, கோமளாக்காவா! வீடு கிடக்கிற லட்சணத்துல வந்துட்டீங்களே. உட்காருங்கக்கா, தேத்தண்ணி கலக்குறேன்."

"தண்ணி அப்புறம். நீ என்ன பண்ணிக்கிட்டிருக்க?"

"சட்டைக்கா. சாயங்காலம் உங்க கடைக்கு அனுப்பணும்ல."

"என் கடைக்கு அனுப்பத்தானே? அப்ப ஏன் துவைக்கிற?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "அப்படியேவா அனுப்புறது? எல்லாம் சேறுக்கா, வேர்வை நாத்தம். அதைப் போயி அடுத்தவங்க கையில எப்படிக் குடுக்கிறது? உங்களுக்கும் ஒரு வயசாச்சு. ஒரு அலசு அலசிக் குடுத்தா உங்க கைக்கும் லேசா இருக்கும்ல."

நான் சண்டை போடத்தான் மாடி ஏறிப் போனேன். 'நீ துவைச்சு அனுப்பினா நான் எதுக்குடி கடை வச்சிருக்கேன்' என்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அது வெளியே வரவில்லை. அந்த வாளிப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஹோட்டல் துணி, ஆஸ்பத்திரித் துணி, வாந்தி எடுத்த போர்வை எல்லாம் என் மேசையில் கொட்டியிருக்கிறார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கொடுத்துவிட்டுப் போவார்கள். அதைத் தொடப்போகிற கை ஒன்று இருக்கிறது என்று ஒருத்தி நினைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

முனியாண்டி வாசலில் நின்று, "அலாமாக், கோமளா அழுவுறா. இதுக்கு முன்ன எங்க கல்யாணத்துல பாத்தது" என்றார்.

புஷ்பாவுக்கு நடந்ததைச் சொன்னேன். அவள் அப்படியே வாளிப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். "நான் சுத்தம் பண்ணதாலயா பாய் விட்டுட்டுப் போறாரு? குமாருக்கு இந்த டீம்தான்கா எல்லாம். ரெண்டு வருசமா வேலை சரியில்ல, வீட்டுல பேச மாட்டான். பாடாங்குக்குப் போனாத்தான் சிரிக்கிறான்."

"நீ ஒண்ணும் பண்ணல. பண்ணது நான்" என்றேன். "ஞாயித்துக்கிழமை கடைசி சிநேக ஆட்டம் இருக்குல்ல? அந்த மூட்டையைத் தொட்ட, உன் கையை ஒடிப்பேன்."

5. பாய்க்கு ஒரு பாடம், எனக்கும்

ஹனிபா பாய் லேசுப்பட்டவர் இல்லை. சாயங்காலம் அவர் கடைக்கே போய், நான் சொன்னது தப்பு என்று நாலு பேர் முன்னால் ஒத்துக்கொண்டேன். பாய் குழம்புக் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, உனக்குப் பாவம் பாத்து மனசு மாறிருச்சு. இத்தனை வருசத்துல நீ பேச்சை மாத்தி நான் பாத்ததில்ல. நேத்து சொன்னதுதான் தொழில் பேச்சு, இன்னிக்குச் சொல்றது வீட்டுப் பேச்சு."

என் பெயரே எனக்கு எதிரியாக வந்து நின்றது. "சரி பாய்" என்றேன். "ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் என் கடைக்கு வாங்க. மூட்டையை உங்க முன்னால பிரிக்கிறேன். நீங்களே பாருங்க."

சனிக்கிழமை முழுக்க மழை கொட்டியது. ஞாயிறு பதினொரு மணிக்குத் தேவன் மூட்டையைத் தோளில் தூக்கி வந்து மேசையில் வைத்தார். தண்ணீர் சொட்டியது. பாய் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார், அது அவர் செய்த பிழை. நான் மூட்டையை அவிழ்த்து உதறினேன். ஜெலுத்தோங் பாடாங்கில் பாதி என் கடையில் இருந்தது.

"இந்தாங்க, ஆறாம் நம்பர். இடது பக்கம் மட்டும் நீளமா புல் கறை. சறுக்கிச் சறுக்கிப் பந்தை எடுத்திருக்கான். ரெண்டாம் நம்பர், முதுகு முழுக்கச் சேறு. யாரோ தள்ளி விட்டிருக்காங்க, ஆனா முன்னாலயும் சேறு இருக்கு, எந்திரிச்சு ஓடியிருக்கான். கீப்பரைப் பாருங்க, மத்தவங்களைவிட சுத்தம். இவன்கிட்ட பந்து வரவே விடல. மோந்து பாருங்க பாய்."

"வேணாம், வேணாம்! போதும்மா!" என்று பாய் பின்னால் போனார்.

"இல்ல, இதையும் பாருங்க. ஒன்பதாம் நம்பர். ஷார்ட்ஸ்ல ஒரு பொட்டுச் சேறு இல்ல. இவன் ஓடல. உள்ளதைச் சொல்லணும்ல."

தேவன் தலையைச் சொறிந்தார். "ஆமாக்கா. ராஜன். கொஞ்சம் சோம்பேறி."

பாய் ஒன்பதாம் நம்பர் ஷார்ட்ஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆறாம் நம்பர் சட்டைச் சேற்றைப் பெருவிரலால் தொட்டுப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் புகழ்ந்திருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். குறையையும் சொன்னதால்தான் நம்பினார் என்று நினைக்கிறேன். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, என் இஸ்திரி மேசையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். பெருவிரலில் இருந்த சேறு கடிதத்தின் ஓரத்தில் பதிந்துவிட்டது. தேவன் அதை அப்படியே திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார். பதிவு செய்த அம்மா, "என்ன தம்பி இது, சீலா?" என்று கேட்டாளாம்.

அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை அன்றைக்கே கிழித்தேன்.

6. கடைசி ஆட்டம்

சி புளோக் அந்த சீசன் முழுக்க நன்றாகத்தான் ஆடியது என்று சொல்ல ஆசை. ஆனால் அவர்கள் ஆடியது சுமார். மூட்டை ஒவ்வொரு வாரமும் மண்ணாக வந்தது. வடிகட்டி அடைத்தது, நான் சந்தோஷமாகத் திட்டினேன். ஆனாலும் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். கடைசி ஆட்டத்தில் டிரா செய்தால் தப்பிக்கலாம் என்ற நிலைமை.

அதற்கு நானும் போனேன். வாழ்க்கையில் முழுசாகப் பார்த்த முதல் ஆட்டம். புஷ்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நகம் பதிந்துவிட்டது. ஒன்றுக்கு ஒன்று என்று போய்க்கொண்டிருந்தது, முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது எதிர் டீம் ஒரு கோல் போட்டது. அது ஆஃப்சைடு என்று நான்தான் முதலில் கத்தினேன். அது ஆஃப்சைடு இல்லையாம்.

இறங்கிவிட்டார்கள்.

விசில் ஊதிய உடனே இன்னொரு டீமின் மேனேஜர் ஒருவர் என்னிடம் ஓடி வந்தார். "கோமளாக்கா, கையைக் குடுங்க! சீசனுக்கு முன்னாடியே சொன்னீங்களே! அடுத்த வருசம் யாருன்னு இப்பவே சொல்லுங்க." எனக்கு வந்த கோபத்துக்கு அவர் கையை முறுக்கியிருப்பேன். "நான் சொன்னது தப்பு. இவங்க இறங்கினது வேற கதை" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டுப் போனார்.

தேவனிடம் போய், "மன்னிச்சிருப்பா, என் வாய்முகூர்த்தம்" என்றேன்.

"சும்மா இருங்கக்கா" என்றார். கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தார். "அன்னிக்குக் கடுதாசியில இறங்கியிருந்தா தலை தூக்கியிருக்க மாட்டோம். இப்ப ஆடித்தானே இறங்கினோம்."

ஹனிபா பாய் அதற்குள் மூட்டையைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கும் வெள்ளைச் சட்டை, போயே போச்சு. "எல்லாரும் கடைக்கு வாங்க, மீன் தலைக் கறி வச்சிருக்கேன். அடுத்த வருசக் கடுதாசியைக் காலையிலேயே எழுதிட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன்கிட்ட கேக்காம" என்றார்.

"ரெண்டு ஆடு, ஒரு நாய் பாக்கப் போவுது பாய்" என்றேன்.

"நானும் போறேன்ல. அந்த மூணும், கூட ஒரு ஆளும்" என்றார்.

அடுத்த நாள் காலையில் அந்த மூட்டையைப் பிரித்தேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத்தான் பார்த்தேன், இப்போதெல்லாம் அப்படித்தான். எல்லாவற்றிலும் சேறு, எல்லாவற்றிலும் மீன் தலைக் கறி. புஷ்பா எதையும் கழுவவில்லை, ஆனால் உள்பக்கம் வெளியாகக் கிடந்த காலுறைகளை எல்லாம் திருப்பி ஜோடி ஜோடியாக முடிந்து வைத்திருந்தாள். அதைச் சொன்னபோது, "அதுகூடச் செய்யாட்டி எனக்குத் தூக்கம் வராதுக்கா" என்றாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். காசு போட்டால் துவைத்துத் தரும் கடைகள் தெருவுக்கு மூன்று வந்துவிட்டன. வரட்டும், மெஷினுக்கு மூக்கு கிடையாது. உங்களுக்கு இருக்கிறது, எடுத்து மோந்து பாருங்கள். சட்டை எங்கே போய்விட்டு வந்தது என்று சொல்லும். இனி எங்கே போகும் என்று அதைக் கேட்காதீர்கள், அதற்குத் தெரியாது. உங்கள் கைக்கு வரும் முன்னால் அது யார் கையில் இருந்தது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அந்த மூட்டையில் கடைசியாக அடியிலிருந்து வந்தது ஒன்பதாம் நம்பர் ஷார்ட்ஸ். இரண்டு பக்கமும் கருப்பாகச் சேறு அப்பியிருந்தது, இடுப்பில் ஒரு கிழிசல். அந்தச் சோம்பேறி ராஜன் அன்றைக்கு ஓடியிருக்கிறான். எனக்கு அதை மெஷினில் போடவே மனசு வரவில்லை. கொடியில் மாட்டி மத்தியானம்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கிழிசலைத் தைத்து, துவைத்து, மடித்து வைத்தேன்.